ஹெட்போன் ஆம்ப்ளிபயரும் டி.ஏ.சி.யும்: வாங்கி வைக்கும் முன் வணிகர் அறிய வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்களில் செல்போன் உதிரிப் பொருள்களும் மின்சாதனங்களும் விற்போர் பலர். சீர்காழி, திருவெண்காடு, பூம்புகார், மயிலாடுதுறை வட்டாரக் கடைகளில் சில ஆண்டுகளாக இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. "புதுப் போனில் ஹெட்போன் மாட்டும் ஓட்டையே இல்லையே, என்ன செய்வது?" என்பது ஒன்று. "அண்ணன் வெளிநாட்டிலிருந்து பெரிய ஹெட்போன் அனுப்பினார், போனில் போட்டால் சத்தமே வரவில்லை" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடையாக இன்று சந்தையில் ஒரு சிறு கருவி வந்திருக்கிறது. ஒரு முனையைப் போனில் செருகி, மறுமுனையில் ஹெட்போனை மாட்டிக் கேட்கலாம். அதை டி.ஏ.சி. என்றும் ஹெட்போன் ஆம்ப்ளிபயர் என்றும் சொல்கிறார்கள்.

விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை போகிறது. வெளித் தோற்றத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். விவரம் அறியாமல் சரக்கு எடுத்தால் இருப்பு தேங்கும். விவரம் சொல்லாமல் விற்றால் வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். முன்னதை அடுத்த பண்டிகையில் சரிக்கட்டலாம். பின்னதைச் சரிக்கட்ட முடியாது. ஆகவே, ரேடியோ, டேப்ரிக்கார்டர் காலத்திலிருந்து இந்த வரிசைச் சரக்கை மொத்தமாக வாங்கி விற்று வரும் நமக்குத் தெரிந்தவற்றை உறுப்பினர்களின் உபயோகத்திற்காக இங்கே எழுதுகிறோம்.

இந்தத் தேவை எப்படி வந்தது?

2016இல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 7 மாடலை ஹெட்போன் ஓட்டை இல்லாமல் வெளியிட்டது. அப்போது இணைப்பு வயர் ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். 2018இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். 2019இல் சாம்சங் தன் நோட் 10 மாடலில் அந்த ஓட்டையை எடுத்துவிட்டது. பின்னர் விலை உயர்ந்த போன்களில் பெரும்பாலானவை அதே வழியில் சென்றன. 2023இல் வந்த ஐபோன் 15 முதல் ஆப்பிளும் டைப்-சி பின்னுக்கு மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். எனவே இனிமேல் கொள்முதலில் டைப்-சி சரக்கே முதன்மையாக இருக்க வேண்டும். ஐபோன் 14 வரையிலான பழைய போன்கள் வைத்திருப்போருக்காக லைட்னிங் பின் உள்ளவற்றைக் கைக்கு அளவாக வைத்தால் போதும்.

உள்ளே நடப்பது என்ன?

போனில் பாட்டு என்பது வெறும் எண்களாக இருக்கிறது. காதுக்கு எண் கேட்காது. அதற்கு அசையும் காற்று வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் மூட்டைக் கணக்கைப் பார்த்து, களத்தில் நெல்லை அளந்து கொட்டுவது போல, எண்களைப் படித்து அதற்கேற்ற மின்னோட்டத்தை அளந்து தருவதே டி.ஏ.சி.யின் வேலை. எண்ணை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் கருவி என்று வாடிக்கையாளருக்குச் சொன்னால் போதும்.

அப்படி வரும் மின் அலை மெலிவானது. அதற்கு வலுவூட்டி ஹெட்போனை இயக்குவது ஆம்ப்ளிபயர். நாமெல்லாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேட்ட அன்றே மேலையூர்ப் பக்கம் வயல் நனைந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். வாய்க்காலில் தள்ளி வர வேகம் வேண்டும், போதிய தண்ணீரும் வேண்டும். ஹெட்போனும் அப்படித்தான். வேகத்தை வோல்ட் என்றும், தண்ணீரின் அளவைக் கரண்ட் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆம்ப்ளிபயர் இரண்டையும் தர வேண்டும். கையடக்கக் கருவிகளில் டி.ஏ.சி., ஆம்ப்ளிபயர் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. 2012இல் அமெரிக்காவின் ஆடியோகுவெஸ்ட் கம்பெனி பென்டிரைவ் அளவில் டிராகன்பிளை என்ற கருவியைக் கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட பிறகு இந்த வடிவம் பிரபலமாயிற்று.

கல்லாவில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சரக்கை எடுத்துக் காட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

1. காதில் போடுவது வயர் உள்ளதா, புளூடூத்தா?

புளூடூத் இயர்போனுக்குள்ளேயே டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிபயரும் இருக்கின்றன. போனில் செருகும் கருவியால் அதற்கு ஒரு பயனும் இல்லை. அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம், "உங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு ஒரு விற்பனை குறையும். ஆனால் அவர் தன் தெருவில் நான்கு பேரிடம் அந்தக் கடைக்காரர் உண்மை சொன்னார் என்று சொல்வார்.

2. போன் எது?

டைப்-சி இணைப்பு வயர்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று வெறும் வயர். போனுக்குள்ளிருந்து வரும் ஒலி அலையை அப்படியே கடத்துவது. மற்றொன்று, பின்னுக்குள் சிறு டி.ஏ.சி. சிப் வைத்தது. ஒலி அலையை டைப்-சி வழியாக வெளியே அனுப்பும் வசதி உள்ள போனில் மட்டும்தான் வெறும் வயர் வேலை செய்யும். மேலே சொன்ன நோட் 10 போன்ற சாம்சங் மாடல்களிலும் கூகுளின் பிக்சல் போன்களிலும் டி.ஏ.சி. உள்ளதே வேண்டும். "வயர் கெட்டுப்போச்சு" என்று நம் கடைகளுக்குத் திரும்பி வருவதில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தால் வருவதுதான்; வயரில் பழுது இருக்காது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. டைப்-சி இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். டி.ஏ.சி. இருந்தால் கம்ப்யூட்டர் அதைப் புதிய ஒலிக் கருவியாகப் பட்டியலில் காட்டும். வெறும் வயர் என்றால் எதுவும் காட்டாது. புதுச் சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது. டி.ஏ.சி. உள்ளதை மட்டுமே கொள்முதல் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பது நமது யோசனை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில போன்களில் செட்டிங்கில் ஓ.டி.ஜி. என்ற வசதியை இயக்கினால்தான் இந்தக் கருவி வேலை செய்யும். பொருளை விற்கும்போதே வாடிக்கையாளரின் போனில் மாட்டி, அதை இயக்கிக் காட்டி, பாட்டைக் கேட்க வைத்து அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை. பாதி ரிட்டர்ன் குறையும்.

3. பாட்டுக்கு மட்டுமா, பேசவும் வேண்டுமா?

நம் பக்கத்தில் பலர் ஹெட்போனை வாங்குவது துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுடன் பேசுவதற்காக. ஹெட்போன் பின்னில் மூன்று கோடுகள் இருந்தால் மைக் உண்டு. இரண்டு கோடுகள் என்றால் கேட்க மட்டும். கருவியிலும் மைக்குக்கு வழி இருக்க வேண்டும். விலை உயர்ந்த டி.ஏ.சி. கருவிகள் பலவற்றில் மைக் வசதி கிடையாது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிப் போனவர், "நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை" என்று வந்து நின்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஓம் கணக்கு

ஹெட்போன் பெட்டியில் 16 ஓம், 32 ஓம், 80 ஓம், 250 ஓம், 300 ஓம் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். இது வாய்க்காலின் குறுகலைச் சொல்வது. எண் கூடக் கூடத் தண்ணீரைத் தள்ள வேகம், அதாவது வோல்ட், கூடுதலாக வேண்டும்.

கணக்கு சுலபம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் வரும். 1 வோல்ட் தரும் சிறு கருவியில் 32 ஓம் இயர்போனை மாட்டினால் சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும். சாதாரண இயர்போனுக்கு இது தாராளம். அதே கருவியில் 300 ஓம் ஹெட்போனை மாட்டினால் 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல்தான். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. "சத்தமே வரவில்லை" என்ற புகாரின் காரணம் இதுவே. 2 வோல்ட் தரும் கருவியாக இருந்தால் அதே 300 ஓமுக்கு 13 மில்லிவாட் கிடைக்கும். வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சில உதாரணங்கள். 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்.டி.ஆர். 7506 ஹெட்போன் 63 ஓம். ஆடியோ டெக்னிகா எம். 50 எக்ஸ் 38 ஓம். இவற்றுக்குச் சிறு கருவியே போதும். ஜெர்மனியின் சென்ஹைசர் 1997இல் வெளியிட்ட எச்.டி. 600 மாடல் 300 ஓம். பேயர்டைனமிக் டி.டி. 990 புரோ மாடலில் 250 ஓம் உள்ளது ஒரு வகை. இவற்றைக் கொண்டு வருபவருக்குத்தான் வலுவான, தனியாக பாட்டரி உள்ள ஆம்ப்ளிபயர் தேவைப்படும்.

ஓம் ஒன்றை மட்டும் பார்த்தும் முடிவு கட்டக் கூடாது. உணர்திறன் என்ற கணக்கும் உண்டு. 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அது. பிளேனார் என்ற வகை ஹெட்போன்களில் ஓம் குறைவாக இருக்கும். உணர்திறனும் குறைவாக இருக்கும். அகன்ற வாய்க்கால்தான், ஆனால் பரப்பு பெரிது. நிறையத் தண்ணீர் வேண்டும். அதற்கும் வலுவான கருவியே பொருந்தும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 16 ஓம் உள்ள, உணர்திறன் மிகுந்த இயர்போனை வலுவான ஆம்ப்ளிபயரில் மாட்டினால் பாட்டுக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் தொட்டாலும் காதைப் பிளக்கும். கருவியின் சொந்தத் தடை, அதாவது வெளியீட்டு ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஆகவே விலை கூடியதே எல்லோருக்கும் நல்லது என்று எண்ண வேண்டாம். பொருத்தமே முக்கியம்.

பெட்டி மேல் உள்ள எண்கள்

இப்போது பெட்டிகளில் 32 பிட், 384 கிலோ ஹெர்ட்ஸ், 768 கிலோ ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். வாங்குபவர் எந்த எண் பெரிதோ அதையே கேட்கிறார். 1982இல் சி.டி. வந்தபோது அதற்கு வைத்த அளவு 16 பிட், 44.1 கிலோ ஹெர்ட்ஸ். ஒரு விநாடியை 44,100 கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் 65,536 படிகளில் அளப்பது என்று இதற்குப் பொருள். மனிதக் காது கேட்கக் கூடியது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். சி.டி. அளவிலேயே 20,000 ஹெர்ட்ஸ் முழுவதும் அடங்கிவிடுகிறது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்வோருக்கு அதைவிடக் கூடுதல் அளவுகள் பயன்படும். ஆப்பிள் மியூசிக் போன்ற சேவைகளில் 192 கிலோ ஹெர்ட்ஸ் பதிவுகளும் உள்ளன. ஐபோனில் 48 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பதிவுகளை முழு அளவில் கேட்க வெளி டி.ஏ.சி. வேண்டும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. அப்படிக் கேட்பவருக்கு அந்த எண்ணைக் காட்டலாம். யூடியூபில் பாட்டுக் கேட்பவருக்கு அந்த எண்ணால் ஒரு லாபமும் இல்லை. அங்கே வருவது சுருக்கப்பட்ட ஒலி. உமி கலந்த அரிசியைத் தங்க மரக்காலால் அளந்தாலும் உமி உமிதான்.

சிப் பெயரைச் சொல்லி விற்பதும் அப்படியே. அமெரிக்காவின் இ.எஸ்.எஸ்., சிரஸ் லாஜிக், ஜப்பானின் ஏ.கே.எம். ஆகியவை பெயர் பெற்ற சிப் கம்பெனிகள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகா நகரிலுள்ள ஏ.கே.எம். தொழிற்சாலையில் பெரும் தீ விபத்து நேர்ந்தது. உலகம் முழுவதும் அந்தச் சிப்புக்குத் தட்டுப்பாடு. பல கம்பெனிகள் வேறு சிப் போட்டுப் புதிய வடிவங்களை வெளியிட்டன. இதில் நமக்குள்ள பாடம் இரண்டு. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது மாறியிருக்கலாம். எந்த ஆண்டுச் சரக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது, ஒரே கம்பெனியை நம்பி முழு முதலையும் போடக் கூடாது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

புகார்த் துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்கை எண்ணி அளந்து, சோழரின் புலி முத்திரை குத்திய பிறகே அதிகாரிகள் வெளியே விட்டார்கள் என்பதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்று அந்த முத்திரையின் இடத்தில் இருப்பவை பெட்டியின் மேலுள்ள விவரங்களும் கையில் உள்ள பில்லும்.

இந்தக் கருவிகளில் பெரும்பகுதி இறக்குமதிச் சரக்கு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் எடையளவு விதிகளின்படி இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்க வேண்டிய விவரம் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்ற கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டிவரும். கம்பெனி சொல்லாத உத்தரவாதத்தை நாமாக வாய்ச்சொல்லாகக் கொடுத்தாலும் அப்படியே. பில் இல்லாமல் மலிவாக வரும் சரக்கில் வரி வரவும் கிடைக்காது, பழுதானால் மாற்றித் தரவும் ஆளிருக்காது.

வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் பெயர் பெற்ற கம்பெனியின் அச்சு அசலான பெட்டியில் போலிச் சரக்கை அனுப்பியது நமக்கு நேர்ந்ததுண்டு. மாதிரியை நாம் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தபோது பெட்டியில் உள்ள பெயர் திரையில் வரவில்லை. அன்றே முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பினோம். கடைக்குள் வந்த பிறகு சோதிப்பதைவிட, பணம் கொடுக்கும் முன் சோதிப்பதே மேல்.

சோதிக்கும் விதம் இது. கடையில் ஒரு நல்ல 32 ஓம் இயர்போன், ஒரு ஆண்ட்ராய்டு போன், தெரிந்த இரண்டு பாட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரு காதிலும் ஒலி சமமாக வருகிறதா, பின்னை அசைத்தால் கரகரப்பு வருகிறதா, கால் மணி நேரத்தில் கருவி அதிகமாகச் சூடாகிறதா என்று பாருங்கள். சீர்காழி மூவர் வாழ்ந்த மண் இது. நாகசுரமும் வாய்ப்பாட்டும் கற்போர் இன்றும் நம் வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய காது நுட்பமானது. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தைக் கேட்டு இரைச்சல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பழைய நாடாப் பதிவுகளில் இரைச்சல் பதிவிலேயே இருக்கும். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டில் இரைச்சல் கேட்டால் கருவியைக் குறை சொல்லும் முன், அதே பாட்டை வேறு கருவியில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வந்தால் அது பதிவின் இரைச்சல்.

போனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி போனின் சார்ஜைக் கரைக்கும். அது இருக்கும் வரை சார்ஜர் மாட்டவும் இடமிருக்காது. நீண்ட நேரம் கேட்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 4.4 மி.மீ. ஓட்டை உள்ள கருவிக்கு அதே அளவுப் பின் உள்ள ஹெட்போன் வயர் வேண்டும், சாதாரண 3.5 மி.மீ. பின் அதில் பொருந்தாது. மேலும், பூம்புகார், திருமுல்லைவாசல், தரங்கம்பாடி போன்ற கரையோரக் கடைகளில் உப்புக் காற்று பின்களை அரிக்கும். பிரித்த சரக்கை மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் வையுங்கள்.

இருப்பு விகிதத்தைப் பொறுத்தவரை, சிறிய ஊர்க் கடைக்கு மைக் வசதியுடன் டி.ஏ.சி. சிப் உள்ள டைப்-சி வயரே ஓடும் சரக்கு. 2 வோல்ட் தரும் நடுத்தரக் கருவி இரண்டொன்று போதும். பாட்டரி உள்ள பெரிய ஆம்ப்ளிபயரை முன்பணம் பெற்று வரவழைத்துக் கொடுப்பதே உத்தமம்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை

வலுவான ஆம்ப்ளிபயரை விற்பவருக்கு ஒரு கடமை உண்டு. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரம் பாதியாகிவிடும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். இரைச்சலான பஸ்ஸில் பாட்டைக் கூட்டி வைத்துக் கேட்கும் பிள்ளைகள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார்கள். போன காது திரும்பி வராது. சத்தத்தைக் குறைத்து வைத்து மாட்டி, பிறகு மெல்லக் கூட்டும்படி ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புங்கள். கருவியை மாணவனுக்கு வாங்கித் தரும் பெற்றோரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் ஹெட்போனைப் பாருங்கள், பிறகு போனைப் பாருங்கள், கடைசியாகப் பெட்டி மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். பொருந்துவதை மட்டும் கொடுங்கள். பொருந்தாததை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆன்லைனில் நம்மைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். போனில் மாட்டிக் காட்டி, கேட்க வைத்து, பேசிப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது கடையில் மட்டுமே நடக்கும். நம் வியாபாரம் நிற்பது அதில்தான். இந்தச் சரக்கில் உறுப்பினர்களுக்கு ஏற்படும் ஐயங்களை மாதக் கூட்டத்தில் கொண்டு வந்தால், மாதிரிகளை வைத்துச் செய்து காட்டவும் சித்தமாயிருக்கிறோம்.